தெளிவு: அடியில் தங்கியது போக

ஈரோடு, கோயம்புத்தூர்ப் பக்கம் பனைமரத்தடியில் பானை வைத்து விற்கிறவரிடம் போய் "பதநீர் இருக்குதுங்களா?" என்று கேட்டால், "தெளுவுங்களா? இருக்குதுங்க" என்று பதில் வரும். கொங்கு வட்டாரத்தில் பதநீருக்குப் பெயர் தெளுவு. வெளியூர்க்காரர்களுக்கு முதலில் புரியாது. நானும் ஒருமுறை விழித்திருக்கிறேன்.

பெயர்க் காரணம் கலயத்துக்குள்ளேயே இருக்கிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட், சாற்றின் சர்க்கரையைத் தின்று புளிக்க வைக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுத்துவிடும். கள் வெள்ளையாகக் கலங்கி நுரை தள்ளி நிற்கும். மற்றதில் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் சாறு மேலே தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவுதான் பேச்சில் தெளுவு.

'கிளாரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று யாராவது கேட்டால் நாம் யோசிக்காமல் சொல்வதும் இதே சொல்தான். தப்பில்லை, அகராதியும் அதைத்தான் சொல்லும். ஆனால் இரண்டு சொற்களும் பிறந்த வீடு வேறு. ஆங்கிலச் சொல் குரலில் பிறந்து ஒளிக்குப் போனது. நம்முடையது குடத்துக்கு அடியில் வண்டல் தங்கும் இடத்தில் வளர்ந்தது. அதனால்தான் தமிழில் தெளிவு என்றால் அதற்கு முன்பு ஒரு கலக்கம் இருந்தது என்று சொல்லாமலே பொருள்படுகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், இந்தச் சொல்லின் ஏகப்பட்ட பயன்பாடுகள் ஒரே கயிற்றில் வந்து நிற்கும்.

முதலில் ஆங்கிலக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'கிளாருஸ்' என்பது ஓசையைப் பற்றிய சொல்: உரத்துக் கேட்கிற, காதில் பிசிறில்லாமல் விழுகிற. 'கத்து', 'கூப்பிடு' என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொற்களுக்கு அது உறவு. பிறகு கண்ணுக்கு வந்தது: பளிச்சென்ற. அப்புறம் ஆளுக்கு வந்தது: ஊரறிந்த, பேர்பெற்ற. ரோமப் பேரரசில் செனட் உறுப்பினர்களின் பட்டமே 'கிளாரிஸ்ஸிமுஸ்', நம் ஊரில் 'மாண்புமிகு' போடுகிற மாதிரி. ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நுழைந்தபோது அதற்குத் தெய்வ ஒளி, மகிமை என்ற பொருள்தான் முன்னால் நின்றது. குழப்பமில்லாமல் புரிவது என்ற இன்றைய பொருள் பின்னால்தான் வலுத்தது. அதன் சொந்தக்காரர்களில் ஒருவர் நம் கச்சேரி மேடையிலும் ஏறியிருக்கிறார்: கிளாரினெட். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை நாகஸ்வரம் போலக் குழைத்து வாசித்து 2008இல் சங்கீத கலாநிதி வாங்கினார். கருவிக்குப் பெயர் வந்தது அதன் துலக்கமான ஓசையால்.

தமிழிலும் ஓசைக்கு இந்தச் சொல் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. புறநானூற்றில் 'தெண்கண் மாக்கிணை' என்று வரும். அடித்தால் தெளிவாக ஒலிக்கும் கண்ணையுடைய பெரிய கிணைப்பறை. வளையல் ஒலிப்பதற்குத் 'தெளிர்த்தல்' என்று பழைய பாட்டில் ஒரு வினையே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடி 'தெள்'. தெள்ளிய நீர் தெண்ணீர், தெள்ளிய அலை தெண்டிரை. முறத்தை லேசாக அசைத்துக் கல்லையும் குருணையையும் ஒதுக்குவது தெள்ளுவது. இந்தக் கடைசிச் சொல் நகரத்தில் செத்துக்கொண்டிருக்கிறது. அரிசி பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு தெள்ளுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் 'தெள்ளத் தெளிவாக' என்று மேடையில் முழங்குகிறவர்கள் முறத்தையும் குடத்தையும் சேர்த்தேதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பக்கத்து வீடுகளில் இந்த வேர் என்ன ஆனது என்று பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. தெலுங்கில் 'தெலுசா?' என்றால் தெரியுமா. 'தெலிவி' என்றால் புத்தி. கன்னடத்தில் 'திளி' என்றால் அறி, புரிந்துகொள். அதே திளி தெளிந்த நீருக்கும் ஆகும், நம் ரசம் போன்ற 'திளிசாறு'க்கும் ஆகும். மலையாளத்தில் 'தெளிவு' என்றால் சாட்சியம், ஆதாரம். போலீஸ்காரர் 'தெளிவு கிடைத்தது' என்றால் வழக்குக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று பொருள். கேரளச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஒரே வேர், ஒரு வீட்டில் அறிவு, ஒரு வீட்டில் புரிதல், ஒரு வீட்டில் அத்தாட்சி. நம் வீட்டில்தான் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாமல் நின்றிருக்கிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். வாசல் தெளிக்கிறோமே, அந்தத் தெளி? அது வேறு சொல் என்றே நினைக்கிறேன். மலையாளம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: நீர் இறைப்பது 'தளிக்குக', துலங்குவது 'தெளியுக'. பழந்தமிழிலும் மழைத்துளிக்குத் 'தளி' என்று பெயர் உண்டு. தமிழ்ப் பேச்சில் தளியும் தெளியும் உரசி ஒன்றாகிவிட்டன போலிருக்கிறது. 'அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு' என்கிறபோது அங்கே எதுவும் தெளியவில்லை, ஆளைக் கைகழுவிவிட்டோம், அவ்வளவுதான்.

சரி, குடத்துக்கு வருவோம். ஆற்றிலும் குளத்திலும் மொண்டுவந்த புது வெள்ளம் செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரு நாள் முழுக்க வைத்தாலும் முற்றிலும் தெளியாது. களிமண் துகள்கள் அவ்வளவு நுண்ணியவை. அது மட்டுமல்ல, அவை எல்லாம் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர்ந்து கனத்து இறங்க முடியாது. இந்த முட்டுக்கட்டையை உடைப்பதற்கு நம் ஊரில் கண்டுபிடித்த கருவி தேற்றாங்கொட்டை. தேற்றா மரத்தின் விதை. வட்டமாக, சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக இருக்கும். குடத்தின் உட்புறத்திலோ கல்லிலோ அதை உரைத்து நீரில் கலந்துவிட்டால், விதையிலிருந்து வரும் வழவழப்பான பெருமூலக்கூறுகள் மண் துகள்களைப் பிடித்துத் திரட்டும். திரண்டது கனத்து அடியில் இறங்கும். காலையில் மேலாக மொண்டுகொள்ள வேண்டியதுதான். இது எட்டி மரத்தின் நெருங்கிய சொந்தம் என்பது ஒரு வேடிக்கை. அண்ணன் கொல்லும் நஞ்சு, தம்பி குடிநீர் தேற்றுகிறவன். தாவரவியலில் இதன் இனப்பெயர் 'பொட்டடோரம்', லத்தீனில் 'குடிப்பவர்களுடையது'.

இன்று குடிநீர் வாரியங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். அலுமினியத்தின் நேர்மின்னேற்றம் மண்ணின் எதிர்மின்னேற்றத்தைச் சரிக்கட்டும். கலங்கலை அளக்க என்.டி.யு. என்ற அலகு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, 2012ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 1 அலகுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும், அளக்கப்படுவது தெளிவு இல்லை. கலங்கல் எவ்வளவு என்றுதான் அளக்கிறார்கள். தெளிவுக்குத் தனியாக அலகு கிடையாது.

இந்தக் கொட்டை கலித்தொகையில் வருகிறது, அதுவும் மிக அழகான இடத்தில். நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலியில், பிரிவினால் சித்தம் கலங்கி ஊரார் முன் புலம்பித் திரிந்த ஒருத்தி, காதலன் வந்ததும் தன்னிலைக்குத் திரும்புகிறாள். 142ஆம் பாட்டு அதை இப்படிச் சொல்கிறது:

"கலஞ்சிதை இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக்
கலங்கிய நீர்போல் தெளிந்து நலம்பெற்றாள்"

இல்லம் என்பது தேற்றா மரம், காழ் என்பது அதன் விதை. விதையால் தேற்றிய கலங்கல் நீர் போல அவள் தெளிந்தாள். இரண்டு வினைகளையும் பாருங்கள்: தேற்ற, தெளிந்து. நீர் தெளியும், ஆனால் யாரோ தேற்ற வேண்டும். அழுகிறவரைத் தேற்றுவது என்று இன்றும் சொல்கிறோமே, சாவு வீட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தத் தேற்றுதலும் குடத்தில் கொட்டை உரைக்கிற தேற்றுதலும் ஒரே வினை. இழப்பை யாரும் போக்க முடியாது, அடியில் தங்க வைக்கலாம் என்ற பார்வை அந்த வினைக்குள் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

வடமொழியிலும் இந்தக் கொட்டை பேர்பெற்றது. மனு நூலின் 6ஆம் அத்தியாயத்தில், 67ஆம் சுலோகத்தில், கதக மரத்தின் விதை நீரைத் தெளிய வைக்கும் என்றாலும் அதன் பெயரைச் சொன்னதாலேயே நீர் தெளிந்துவிடாது என்று வருகிறது. அந்த நூலின் மற்ற பலவற்றோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்த வரி நன்றாக இருக்கிறது. அதில் 'நீரைத் தெளிய வைப்பது' என்பதற்கு உள்ள சொல் 'அம்புபிரசாதகம்'. உள்ளே இருப்பது பிரசாதம் என்ற சொல்லின் வேர். கோயிலில் கையேந்தி வாங்குகிறோமே, அதே பிரசாதம்தான். 'சத்' என்றால் உட்கார். கலங்கியது உட்கார்ந்துவிட்டால் வருகிற தெளிவு முதலில் பிரசாதம். பிறகு மனம் தெளிந்த இனிய முகம். பிறகு அந்த முகம் காட்டும் அருள். கடைசியில் அருளின் அடையாளமாகக் கிடைக்கும் சர்க்கரைப் பொங்கல். நீண்ட பயணம்தான், ஆனால் ஒவ்வொரு படியும் அகராதியில் இருக்கிறது.

பாலி மொழியில் அதே சொல் 'பசாதம்' ஆகி, தெளிவு, நம்பிக்கை இரண்டையும் குறிக்கிறது. மிலிந்த அரசனின் கேள்விகளைச் சொல்லும் பௌத்த நூலில் ஓர் உவமை உண்டு. படையோடு சிற்றாற்றைக் கடந்த சக்கரவர்த்தி குடிக்க நீர் கேட்கிறான். யானையும் குதிரையும் மிதித்து நீர் சேறாகிக் கிடக்கிறது. நீர்தெளிக்கும் மணி ஒன்றை உள்ளே போட, சேறு இறங்கி நீர் தெளிகிறது. நம்பிக்கை மனத்துக்குச் செய்வதும் அதுதான் என்கிறார், அரசனுக்குப் பதில் சொல்லும் பிக்கு நாகசேனர்.

நம்பிக்கை என்றதும் வள்ளுவருக்கு வந்தாக வேண்டும். 51ஆம் அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து தெளிதல்'. இன்றைய வாசகர் இதைப் 'படித்துத் தெரிந்து தெளிவடைதல்' என்று எடுத்துக்கொள்வார். பள்ளியில் நானும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் போட்டார்கள். அதிகாரத்துக்குள் போனால் விஷயமே வேறு. அரசன் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய பத்துக் குறள்கள் அவை. தெரிதல் என்றால் ஆராய்தல். தெளிதல் என்றால் இவரை நம்பலாம் என்று முடிவுக்கு வருதல். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்பது அதிகாரத்தின் கடைசிக் குறள். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பிய பிறகு அவனைச் சந்தேகப்படுவதும் தீராத துன்பம். இங்கே தெளிவு என்பதற்கு நேர்ப்பொருளே நம்பிக்கைதான். இன்றைய 'கிளாரிட்டி'யைக் கொண்டுபோய் வைத்தால் குறள் உடைந்துவிடும்.

காமத்துப்பாலில் இது இன்னும் கூர்மையாகிறது. "அளித்தஞ்சல் என்றவர் நீப்பின் தெளித்தசொல் தேறியார்க்கு உண்டோ தவறு." அன்பு காட்டிப் 'பயப்படாதே' என்று சொன்னவரே விட்டுவிட்டுப் போனால், அவர் தெளித்த சொல்லை நம்பியவள் மேல் என்ன தப்பு? தெளித்த சொல் என்றால் நம்பச் சொன்ன சொல், மனக் கலக்கத்தைப் போக்கிய சொல். நியாயமான கேள்வி. வள்ளுவர் பதில் சொல்லவில்லை.

தெளிவுக்கும் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்றால், இரண்டுக்கும் எதிரி ஒன்றே: ஐயம். ஐயம் கலங்கல். அது இறங்கிவிட்டால் அடி தெரியும். "ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு" என்று மெய்யுணர்தல் அதிகாரத்திலும் நீங்கியது எது என்று சொல்லிவிட்டுத்தான் தெளிவைச் சொல்கிறார். தமிழில் தெளிய வேண்டுமானால் எதிலிருந்து என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

தெளிக்கு நெருங்கிய உறவு தேறு. உரையாசிரியர்கள் ஒன்றை வைத்து மற்றதற்குப் பொருள் சொல்வார்கள். இந்தத் தேறுவின் பிள்ளைகள் எங்கெங்கோ வேலைக்குப் போயிருக்கின்றன. பரீட்சையில் பையன் தேறினான். ஆஸ்பத்திரியில் ஆள் தேறிவிட்டார். 'இது தேறாத கேஸ்.' அடகுக்கடையில் 'இதுக்கு எவ்வளவு தேறும்?' கணக்குப் பாடத்தில் பிதாகரஸ் தேற்றம்: ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவி முடித்தது என்பதால் அது தேற்றம். இந்தக் கலைச்சொல்லை வைத்தவருக்குத் தொல்காப்பியம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏகாரத்தின் ஐந்து வேலைகளை அடுக்கும்போது தொல்காப்பியர் முதலில் சொல்வதே தேற்றம். 'உண்டே மறுமை' என்று அழுத்திச் சொல்கிறார்களே, அந்த ஏ.

அப்புறம் தேறல். சங்கப் பாட்டில் தேறல் என்றால் வண்டல் நீக்கித் தெளிந்த மது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் தர, நாளும் மகிழ்ந்திரு என்கிறார். கலம் என்பது கப்பலா, சாடியா என்று உரைகாரர்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி உடைசல்கள் கிடைத்தன என்பதால் எனக்குச் சாடிப் பக்கம் சாய்வு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மது வந்த திசையிலேயே பல நூற்றாண்டு கழித்து, லத்தீன் 'கிளாருஸ்' வழியாகப் பிரெஞ்சில் ஒரு மதுப்பெயர் உருவானது: 'கிளாரெட்'. வெளிர் நிறத்துத் தெளிந்த திராட்சை மது. தெளிவிலிருந்து ஒரு மதுவுக்குப் பெயர் வைப்பது தமிழன் மட்டும் செய்த வேலை இல்லை. குடித்தவனுக்கு மட்டும்தான் தெளிவு மிச்சமிருக்காது.

எழுத்தில் தெளிவு என்பதற்குத் தமிழில் சட்டமே இருக்கிறது. சோழர் காலத்துத் தண்டியலங்காரம், காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் வடமொழி நூலைப் பின்பற்றி, நல்ல செய்யுளின் உயிர் என்று பத்துக் குணங்களைச் சொல்கிறது. செறிவு முதலாவது, தெளிவு இரண்டாவது. மூலத்தில் இதற்குப் பெயர் பிரசாதம். தமிழாக்கியவர் அதன் நீர்ப்பொருளைச் சரியாகப் பிடித்துத் தெளிவு என்று போட்டிருக்கிறார். இலக்கணம் இதுதான்: "தெளிவெனப் படுவது பொருள்புலப் பாடே." நான்கு சொல். தன் விதிக்குத் தானே கட்டுப்பட்ட நூற்பா இது. நன்னூல் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பட்டியலிடும்போது 'விளங்க வைத்தல்' என்று அழகிலும் 'மயங்க வைத்தல்' என்று குற்றத்திலும் சேர்க்கிறது. மயங்குதல் என்றால் கலத்தல். வாசகனின் குடத்தை எழுதுகிறவனே கலக்கிவிடுவது.

தெளிவையும் எளிமையையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எளிய சொற்களை வைத்துக்கொண்டே குழப்பலாம், அரசியல் மேடையில் தினமும் நடக்கிறது. கடினமான நூற்பா ஒன்று கண்ணாடி போல இருக்கலாம், மேலே பார்த்தோம். "தெளிவுறவே அறிந்திடுதல், தெளிவுதர மொழிந்திடுதல்" என்று பாரதி வாணியிடம் கேட்கும்போது இரண்டையும் தனித்தனி வரமாகக் கேட்கிறார். அறிந்தவனுக்கெல்லாம் மொழியத் தெரியாது. எந்தக் கல்லூரியில் படித்தவருக்கும் இது புரியும்.

அலுவலகத் தமிழுக்கு வந்தால் 'தெளிவுரை'. பழைய நூல்களுக்கு எழுதும் எளிய உரையைத் தெளிவுரை என்பார்கள், மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை வீட்டுக்கு வீடு இருக்கும். அரசுக் கடிதங்களில் அதே சொல் வேறு அவதாரம் எடுத்திருக்கிறது. ஓர் ஆணை வரும். அதில் ஒரு வரி புரியாது. கீழிருந்து 'தெளிவுரை வழங்கக் கோருதல் – சார்பு' என்று கடிதம் போகும். மேலிருந்து தெளிவுரை வரும். அந்தத் தெளிவுரையில் ஒரு வரி புரியாது. ஓர் அலுவலகத்தில் ஒரே விஷயத்துக்கு மூன்றாம் தெளிவுரை வந்த கோப்பை நானே பார்த்திருக்கிறேன். செய்தித்தாள்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்கின்றன: யாராவது ஒரு குற்றச்சாட்டை மறுத்தால் 'தெளிவுபடுத்தினார்' என்று போடுகிறார்கள். மறுப்பது வேறு, தெளிவுபடுத்துவது வேறு. 'மறுத்தார்' என்று எழுத ஐந்தே எழுத்து.

பேச்சுத் தமிழ் இந்தச் சொல்லை இன்னும் நன்றாகவே வைத்திருக்கிறது. மயக்கம் தெளிஞ்சுது, போதை தெளிஞ்சுது, காய்ச்சல் விட்டு முகம் தெளிஞ்சிருக்கு, மழை விட்டு வானம் தெளிஞ்சிருக்கு. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு கலங்கல் உண்டு, கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. அதோடு புதிதாக ஒரு பொருளும் ஏறியிருக்கிறது: 'ஆள் ரொம்பத் தெளிவா இருக்கான்.' இது பாராட்டு மாதிரி தொடங்கும், முழுப் பாராட்டும் இல்லை. தனக்கு வர வேண்டியதில் குறியாக இருக்கிறான், ஏமாற மாட்டான், அவனிடம் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு 'தெளிவா'வில் அடக்கம். 'குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறவன்' என்று பழைய வசவு ஒன்று உண்டு. இவன் குட்டை தெளிந்த பிறகு நிதானமாக வந்து பிடிக்கிறவன்.

ஆங்கிலக் கிளாரிட்டிக்கும் தமிழ்ப் பேச்சில் தனி வேலை கிடைத்துவிட்டது. செல்போன் கேமராவுக்குக் கிளாரிட்டி, டி.வி.க்குக் கிளாரிட்டி, திருட்டு வீடியோவுக்குக் 'கிளாரிட்டி சுமார்தான்'. இந்த இடத்தில் யாரும் தெளிவு என்று சொல்வதில்லை. 'படம் தெளிவா இருக்கு' என்போம், 'இந்த போன்ல தெளிவு எவ்வளவு?' என்று கேட்க மாட்டோம். அளவாக, விலை வைக்கக்கூடிய சரக்காக வந்தால் ஆங்கிலம். நிகழ்வாக, தானாக ஆகிற ஒன்றாக வந்தால் தமிழ். யாரும் உட்கார்ந்து வகுத்த பிரிவினை இல்லை இது, நாக்கு தானே வகுத்துக்கொண்டது. 'அரியர் கிளியர் பண்ணிட்டேன்' என்பது மூன்றாவது ஜாதி, அதை விட்டுவிடலாம்.

விலை வைக்கிற சரக்கு என்றதும் வைரம். நகைக்கடைக்காரர் சொல்லும் நான்கு 'சி'க்களில் ஒன்று கிளாரிட்டி. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் முறையில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து 11 தரங்களாகப் பிரிக்கிறார்கள். உச்சத் தரத்தின் பெயர் 'குறையற்றது'. தெளிவு இவ்வளவு என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை, குறையை எண்ணித்தான் தரம் போடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதியில் நடக்கும்போது இளங்கோ அதே பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்: "காக பாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கி." காக்கைக் கால் போன்ற பிளவு, கறை, புள்ளி, கோடு. நான்கும் நீங்கியது நல்ல வைரம். அங்கேயும் 'நீங்கி' என்ற வினைதான் வேலை செய்கிறது.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்த எல்லோருக்கும் ஒரு வரி மறக்காது: கார்பன் டை ஆக்சைடு 'தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும்'. ஆசிரியர் சுண்ணாம்பைக் கரைத்து முந்தின நாளே வைத்துவிடுவார். மறுநாள் மேலே நிற்கிற தெளிவை மட்டும் குழாயில் எடுத்துக்கொடுத்து ஊதச் சொல்வார். ஊதினால் வெள்ளையாகும். நாங்கள் விடாமல் ஊதுவோம். ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளிந்துவிடும். வெள்ளையாக்கிய கால்சியம் கார்பனேட், கூடுதல் வாயுவில் பைகார்பனேட்டாகி நீரில் கரைந்துபோகும். அந்த இரண்டாவது தெளிவில் எதுவும் அடியில் தங்கவில்லை. இருந்ததெல்லாம் நீருக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. ஆற்று நீர் தெளிந்து விட்டதென்று கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்பதும் அதே கணக்குதான். தேற்றாங்கொட்டை மண்ணை இறக்கும்; கண்ணாடி போல நிற்கும் நீரில் கிருமி இருக்கலாம்.

சமையலறையில் இந்தச் சொல் இன்னும் பழைய பொருளிலேயே புழங்குகிறது. ரசம் கொதித்து இறக்கிய பிறகு பருப்பும் பொடியும் அடியில் தங்கும். மேலே நிற்பது தெளிவு, அடியில் இருப்பது மண்டி. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் தெளிவு, டம்ளரில் ஊற்றி அப்படியே குடித்துவிடுவார். எனக்கும் தங்கைக்கும் பரிமாறும்போது அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலே நிறுத்திக்கொண்டு கேட்பார், "தெளிவா வேணுமா, கலக்கி ஊத்தட்டுமா?" பருப்பெல்லாம் அடியில் கிடக்கும்போது யாராவது தெளிவு கேட்பார்களா? "கலக்கியே ஊத்தும்மா" என்போம்.